மூன்றாவது வரியில் மாட்டிக்கொள்ளாமல் ஒரு சங்கப் பாட்டை மனப்பாடம் செய்வது எப்படி

இரண்டு வருடத்துக்கு முன்னால் தர்மபுரிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆண்டு விழா. தமிழ் வாத்தியார் என்று என்னையும் மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். அதியமான் ஆண்ட தகடூரில் நின்றுகொண்டு ஔவையார் பாட்டு ஒன்று சொல்லாவிட்டால் எப்படி என்று புறநானூற்றின் 232ஆம் பாட்டைத் தொடங்கினேன். மொத்தமே ஆறு வரி. வகுப்பில் எத்தனை தடவை நடத்தியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. முதல் இரண்டு வரியை நிறுத்தி, இழுத்து, ஏற்ற இறக்கத்தோடு சொல்லிவிட்டேன். மூன்றாவது வரி வரவில்லை. மைக்கில் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. தண்ணீர் குடித்தேன், அப்போதும் வரவில்லை. முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி "ந... ந..." என்று வாயசைத்தாள். அவ்வளவுதான், "நடுகல் பீலி சூட்டி" என்று தொடங்கி மிச்ச நாலு வரியும் மடை திறந்த மாதிரி வந்து விழுந்தது.

வீட்டுக்கு வந்தும் அதே யோசனை. ஒரே ஓர் எழுத்துக்கு நாலு வரி வருகிறது என்றால் பாட்டு மண்டைக்குள் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது, எனக்கு எடுக்கத்தான் தெரியவில்லை. அப்புறம் நினைவாற்றலைப் பற்றி உளவியல்காரர்களும் இலக்கியக்காரர்களும் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன், என் மேலேயும் என் மாணவர்கள் மேலேயும் சோதித்துப் பார்த்தேன். அதில் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பழம்பாட்டைக் கட்டியவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போவதற்கான பிடிகளையும் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள், அந்தப் பிடி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பிடித்தால் போதும் என்பதுதான் விஷயம்.

பாட்டு இது:

இல்லா கியரோ காலை மாலை
அல்லா கியர்யான் வாழும் நாளே
நடுகற் பீலி சூட்டி நாரரி
சிறுகலத் துகுப்பவுங் கொள்வன் கொல்லோ
கோடுயர் பிறங்குமலை கெழீஇய
நாடுடன் கொடுப்பவுங் கொள்ளா தோனே

அதியமான் செத்துப் போய்விட்டான், நடுகல் நட்டாயிற்று. இனி காலையும் வேண்டாம் மாலையும் வேண்டாம், நான் வாழும் நாளும் வேண்டாம் என்கிறார் ஔவையார். கல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் வடிகட்டிய கள்ளைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றுகிறார்களே, அதையா வாங்கிக்கொள்ளப் போகிறான், சிகரம் ஓங்கிய மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் அவன். சாவைப் பற்றிய பாட்டு என்று குழந்தைகளிடம் தயங்க வேண்டாம். தர்மபுரி மாவட்டத்தில் நடுகல் பார்க்காத பிள்ளை குறைவு. ஏரிக்கரையிலும் கொல்லை ஓரத்திலும் சாய்ந்து கிடக்கும், டவுன் அருங்காட்சியகத்துக்குப் போனாலும் பார்க்கலாம். ஒருவனை ஊர் மறக்கக் கூடாது என்று நட்ட கல்லைப் பற்றிய பாட்டை மனப்பாடம் செய்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்களே நிமிர்ந்து உட்காருவார்கள்.

முதல் வேலை, பாட்டை அக்கக்காகக் கழற்றுவது

உரையைப் படித்து அர்த்தம் தெரிந்துகொண்ட உடனே நாம் செய்யும் தப்பு, பாட்டு வந்துவிட்டது என்று நினைப்பது. வந்தது அர்த்தம் மட்டும்தான். கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் என்ற உளவியல்காரர் வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை இங்கிலாந்து மாணவர்களுக்குக் கொடுத்து, இடைவெளி விட்டு விட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். 1932இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். மரத்தைக் குடைந்த ஓடம் அவர்கள் வாயில் சாதாரணப் படகாகிவிட்டது, கடல்நாய் (சீல்) வேட்டை மீன்பிடிப்பாகிவிட்டது, புரியாத இடமெல்லாம் காணாமல் போயிற்று. மூளை கதையை டேப்ரிக்கார்டர் மாதிரி வைத்துக்கொள்வதில்லை, கருவை வைத்துக்கொண்டு மிச்சத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டுகிறது, கட்டும்போது தன் ஊர்ச் சாமானைப் போட்டுக் கட்டுகிறது. என் மாணவர்கள் "உகுப்பவும்" என்ற இடத்தில் "ஊற்றவும்" என்று எழுதுவது இதனால்தான். அர்த்தம் சரி, பாட்டு போச்சு.

ஆகவே அர்த்தத்தோடு சேர்த்து ஓசையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள், ஓசை ஒத்துப்போகும் வரிகளைக் கோடு போட்டு இணையுங்கள். முதல் இரண்டு வரியின் தொடக்கத்தைப் பாருங்கள், இல்லா, அல்லா. எதுகை. கடைசி இரண்டு வரி, கோடு, நாடு. மறுபடி எதுகை. நாலாவது வரியையும் ஆறாவது வரியையும் பக்கத்தில் வையுங்கள்: உகுப்பவுங் கொள்வன் கொல்லோ, கொடுப்பவுங் கொள்ளாதோனே. ஒரே அச்சில் வார்த்த இரண்டு வரி, ஒன்று கேள்வி, மற்றது அந்தக் கேள்விக்கான காரணம். இப்போது கோடு விழாமல் எந்த வரி தனியாக நிற்கிறது என்று பாருங்கள். மூன்றாவது வரி. நான் மேடையில் விழுந்த அதே குழி. அதற்கு முந்தைய வரியோடு எதுகை இல்லை, பொருளிலும் திடீரென்று ஒரு தாவல், தன் வாழ்நாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று கல்லுக்குப் போகிறார். உள்ளுக்குள் மட்டும் நடுகல், நாரரி என்று ஒரு மோனை இருக்கிறது. அந்தப் பெண் எனக்குக் கொடுத்தது அந்த நகரம்தான்.

இந்த எதுகை மோனையெல்லாம் அழகுக்கு என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் அப்படித்தான் பல வருடம் சொல்லிக் கொடுத்தேன். அமெரிக்காவில் டேவிட் ரூபின் என்ற உளவியல்காரர் வாய்மொழிப் பாடல்கள் எப்படித் தலைமுறை தாண்டுகின்றன என்று ஆராய்ந்து 1995இல் ஒரு புத்தகம் எழுதினார். அவரும் உடன் ஒருவரும் செய்த சோதனை ஒன்று ரொம்ப எளிமையானது. ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கப் பொருள் குறிப்பு மட்டும் கொடுத்தால் 100க்கு 14 தடவை சரியான சொல் வந்தது. ஓசைக் குறிப்பு மட்டும் கொடுத்தால் 19 தடவை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் 97. கூட்டிப் பார்த்தால் 33 வர வேண்டிய இடத்தில் 97! நம் ஊர்க் கணக்கில் சொன்னால், "ஒரு பழம்" என்றால் ஆயிரம் தோன்றும், "மா" என்று தொடங்கும் சொல் என்றாலும் ஆயிரம் தோன்றும், மாவில் தொடங்கும் பழம் என்றால் உடனே விடை வந்துவிடும். (மாதுளை என்று சொல்லி கிருஷ்ணகிரிக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.) எதுகை செய்வதும் இதே வேலைதான். "கோடுயர்" என்று சொல்லி முடித்தவனுக்கு அடுத்த வரி "டு" என்ற இரண்டாம் எழுத்தோடு வர வேண்டும், பொருள் நாட்டைப் பற்றி இருக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் வேலி போட்டாயிற்று. "நாடுடன்" தவிர வேறு எங்கே போவான்?

அடுத்தது சீர். கையால் தொடையில் தட்டிக்கொண்டே சொல்லுங்கள், ஒரு சீருக்கு ஒரு தட்டு. நாலு, நாலு, நாலு, நாலு, மூன்று, நாலு. ஐந்தாவது வரியில் ஒரு தட்டு குறையும். நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்தைய அடி முச்சீர் என்று இலக்கணத்தில் படித்திருப்பீர்கள், படித்து மறந்திருப்பீர்கள். சொல்கிறவனுக்கு அது மைல்கல். கை ஒரு தட்டு குறைவாகத் தட்டியதும் இன்னும் ஒரே வரிதான் பாக்கி என்று உடம்புக்கே தெரிந்துவிடும். "உகுப்பவும்" என்பதற்குப் பதில் "ஊற்றவும்" என்று போட்டால் நாக்கு லேசாகத் தடுக்கும், அந்தத் தடுக்கல்தான் கண்காணிப்பாளர்.

ஓசையும் பொருளும் இவ்வளவு வேலை செய்கின்றன என்பதற்கு இன்னொரு பழைய சாட்சி உண்டு. நினைவைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்த ஜெர்மன்காரர் எபிங்ஹாஸ், பொருளே இல்லாத அசைகளை மணிக்கணக்கில் தானே உருப்போட்டுத் தானே சோதித்து, 1885இல் அதை வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலேயே சரசரவென்று இறங்கிவிட்டுப் பிறகு மெதுவாகிறது என்ற கணக்கு அவருடையதுதான். ஒப்பிட்டுப் பார்க்க பைரனின் செய்யுள்களையும் உருப்போட்டார். பொருளற்ற அசைக்குப் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்கு உழைப்பே போதுமானதாக இருந்தது. ஆகவே மனப்பாடம் எனக்கு வராது என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். போன் நம்பரை உருப்போடுவதோடு பாட்டை ஒப்பிட்டால் ஒன்பது பங்கு வேலையைப் பாட்டே செய்துகொடுக்கிறது.

தையலைத்தான் பழக வேண்டும், துணியை இல்லை

வரிக்குள் யாரும் மாட்டுவதில்லை. வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் அந்த இடத்தில்தான் மாட்டுகிறோம். நாமோ ஒவ்வொரு வரியாகப் பத்துப் பத்துத் தடவை சொல்லிப் பழகுகிறோம், அதாவது மாட்டாத இடத்தையே பழகுகிறோம். மாற்றிச் செய்யுங்கள். ஒரு வரியின் கடைசிச் சொல்லையும் அடுத்த வரியின் முதல் சொல்லையும் சேர்த்து ஒரே சொல்லாக்குங்கள். மாலை அல்லாகியர். நாளே நடுகல். நாரரி சிறுகலம். கொல்லோ கோடுயர். கெழீஇய நாடு. வேறொன்றும் இல்லை, இந்த ஐந்தை மட்டும் முதல் நாள் காலையில் இருபது தடவை சொல்லுங்கள். சொல்லும்போதே கவனித்திருப்பீர்கள், நாளே நடுகல் என்பதில் நகரம் நகரத்தைப் பிடித்துக்கொள்கிறது, கொல்லோ கோடு என்பதில் ககரம் ககரத்தை. இது ஔவையார் வேண்டுமென்று வைத்ததா, தற்செயலா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எனக்கு உதவுகிறது, போதும். அந்தாதி என்று ஒரு வகையையே நம் ஆட்கள் வைத்திருக்கிறார்களே, ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம் என்று, அதுவும் இந்தத் தையல் வேலைதான். அபிராமி அந்தாதி நூறு பாட்டையும் பார்க்காமல் சொல்லும் வீட்டம்மாக்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் ஐம்பத்து மூன்றாவது பாட்டு என்ன என்று கேட்டால் முழிப்பார்கள், ஐம்பத்து இரண்டின் கடைசிச் சொல்லைக் கொடுத்தால் நிற்காமல் ஓடுவார்கள்.

புத்தகத்தை மூடுங்கள்

இதுதான் எனக்குக் கசப்பான பாடம். இருபது வருடம் நடத்திய பாட்டு ஏன் வரவில்லை? இருபது வருடமும் புத்தகம் கையில் இருந்தது. நான் வாசித்தேன், ஒரு தடவைகூட நினைவிலிருந்து எடுக்கவில்லை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு பேர் கல்லூரி மாணவர்களுக்குப் பத்தி ஒன்றைக் கொடுத்து, ஒரு குழுவைத் திரும்பத் திரும்பப் படிக்க விட்டார்கள், இன்னொரு குழுவை ஒரு முறை படித்துவிட்டு மூடி வைத்து மூன்று தடவை நினைவிலிருந்து எழுத விட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதை தலைகீழ்: படித்தவர்களுக்கு 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று பையன்கள் சொல்வது பொய் இல்லை, அந்த ராத்திரிக்கு அது உண்மை.

நான் செய்வது இப்படி. தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம், பேனா. பார்க்காமல் எழுதுவது. வராத இடத்தில் நின்று, குறைந்தது அரை நிமிடம் திணறுவது, உடனே புத்தகத்தைப் புரட்டக் கூடாது. திணறுவது வீண் இல்லை, அந்தத் தேடல்தான் வழியைத் தேய்த்துப் பாதையாக்குகிறது. அரை நிமிடம் கழித்தும் வராவிட்டால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போவது. எல்லாம் முடிந்த பிறகு புத்தகத்தைத் திறந்து, சிவப்புப் பேனாவில் விட்டதை எழுதுவது. என் முதல் தாளில் சிவப்பு மூன்று இடத்தில் இருந்தது: "நாரரி", "பிறங்குமலை", அப்புறம் "கெழீஇய" என்பதை "கெழுமிய" என்று எழுதியிருந்தேன். மூன்றுமே இன்று நாம் பேசாத சொற்கள். அப்படிப்பட்ட சொல்லுக்கு மட்டும் படம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நாரரிக்கு நான் வைத்திருப்பது என் அம்மா காபித் தூளை வடிகட்டும் பழைய வேட்டித்துணி. பொருத்தமில்லைதான், கள்ளுக்கும் காபிக்கும் என்ன சம்பந்தம், ஆனால் பொருத்தமில்லாத படம்தான் ஒட்டிக்கொள்கிறது.

எப்போது என்றால், முதல் தடவை ராத்திரி படுக்கப் போகும் முன்பு. தூங்கினால் மறந்துவிடும் என்ற பயம் வேண்டாம். 1924இலேயே இரண்டு மாணவர்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், உருப்போட்டுவிட்டுத் தூங்கியபோது, விழித்திருந்தபோதைவிட அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். இரு காதுக்கும் நேர் உள்ளே, கடல்குதிரை வடிவத்தில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அன்றைக்குப் புதிதாக வந்ததை முதலில் பிடித்து வைப்பது அது, தூக்கத்தில் அதைத் திரும்ப ஓட்டி மூளையின் வெளிப்புறத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறது என்பதுதான் இப்போதைய புரிதல். ஆகவே படுக்கும் முன்பு ஒரு முறை, எழுந்ததும் பல் துலக்கும் முன்பு ஒரு முறை. அப்புறம் மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், ஒரு மாதம். தினமும் சொல்ல வேண்டியதில்லை, கொஞ்சம் மறக்க விட்டு எடுப்பதில்தான் பலன். பஸ்ஸில் உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்க்கலாம். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்துத் தள்ளி உட்காருவார், நமக்கு இடம் கிடைக்கும்.

பத்துப் பாட்டுக்கு மேல் போனால்

ஒரு பாட்டுக்குள் நினைவு மாளிகை, நினைவு அறை என்று யூடியூபில் சொல்லும் வித்தையெல்லாம் வேண்டாம் என்பது என் கட்சி. பாட்டுக்கு உள்ளேயே கயிறு இருக்கும்போது வெளியே ஆணி அடிக்க வேண்டுமா? எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்ற வரிசைக்குத்தான் அது நன்றாக உதவுகிறது. வித்தை ரொம்பப் பழையது, கிரேக்கப் புலவர் சிமோனிடிஸ் பெயரில் சொல்வார்கள்: தெரிந்த இடம் ஒன்றை மனதில் நடந்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொருளை வைத்துவிட்டு வருவது. 2003இல் லண்டனில் எலினார் மகுவயரும் கூட்டாளிகளும் நினைவாற்றல் போட்டிக்காரர்கள் பத்துப் பேரை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மூளை அமைப்பில் நம்மைவிடப் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை, பத்தில் ஒன்பது பேர் இந்த இட வித்தையைப் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான் ரகசியம்.

நான் வைத்திருக்கும் இடம் என்எச் 44. கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி சேலம் பக்கம் வந்தால் காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தர்மபுரி, அதியமான்கோட்டை, நல்லம்பள்ளி, தொப்பூர். ஏழு இடம், ஏழு பாட்டு. கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக் கூடைமேல் ஒரு பாட்டு உட்கார்ந்திருக்கிறது. அதியமான்கோட்டையில் நெல்லிக்கனிப் பாட்டு, அதை வேறு எங்கே வைப்பது? தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று இறங்கி வருகிறது, அதன் மேல் இந்த நடுகல் பாட்டு. கொஞ்சம் விகாரமாக இருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். ஆனால் இரண்டு வருடமாக வரிசை தவறியதில்லை. உங்கள் ஊர் வழியை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், என் வழியைக் கடன் வாங்காதீர்கள், கண்ணை மூடினால் கடைப் பெயர்ப் பலகை வரைக்கும் தெரிய வேண்டும். (தர்மபுரியை ஒட்டியே இலக்கியம்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. வேறு ஊர்க்காரர்களிடம் சொன்னால் நான் இட்டுக்கட்டுகிறேன் என்கிறார்கள்.)

இந்த அளவுக்கு மேலே போகிறவர்களும் நம்மிடம் இருந்தார்கள். இடலாக்குடிக்காரர் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் நூறு விஷயத்தை ஒரே நேரத்தில் கவனித்துச் சதாவதானம் செய்தார். அது பழக்கத்தின் உச்சி, நமக்கு ஏழு பாட்டு போதும்.

உங்கள் வீட்டு ஆயாவிடமிருந்து எடுக்கும்போது

மனப்பாடம் செய்வது ஒரு பக்கம், ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருப்பவரிடமிருந்து எடுப்பது இன்னொரு பக்கம். இதை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. என் அம்மாவின் அம்மாவை நாங்கள் ஆயா என்போம். எழுத்து தெரியாது, ஆனால் களையெடுப்புப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று பொழுதுக்கும் பாடுவாள் என்று ஊரே சொல்லும். நான் போனைத் திறந்து ரெக்கார்டரை அழுத்தி முகத்துக்கு முன்னால் நீட்டி "பாடு ஆயா" என்றேன். "எனக்கு என்னடா கண்ணு தெரியும், எல்லாம் மறந்து போச்சு" என்றாள். மூன்று தடவை இதே கதை. நாலாவது தடவை நான் பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. முறத்தில் கேழ்வரகைப் போட்டுக் கையில் கொடுத்தேன், கல் பொறுக்கித் தரச் சொன்னேன். புடைக்கத் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, முறத்தின் தாளத்துக்கு முதலில் முனகல், பிறகு சொல். அதுவும் முதல் வரியிலிருந்து வரவில்லை, நடுவிலிருந்து வந்தது. "முன்னால என்ன ஆயா?" என்று கேட்டேன், நின்றுவிட்டது. கேட்டிருக்கக் கூடாது. முறம் மறுபடி ஆடத் தொடங்கியதும் தானாக ஆரம்பத்துக்குப் போனாள்.

இடம், வேலை, உடம்பு எல்லாம் சேர்ந்தே நினைவு பதிகிறது என்று உளவியல்காரர்கள் சொல்வதற்கு 1975இல் நடந்த சோதனை ஒன்றைக் காட்டுவார்கள், தண்ணீருக்கடியில் உருப்போட்ட சொற்கள் முக்குளிப்பவர்களுக்குத் தண்ணீருக்கடியில்தான் நன்றாக வந்தன என்று. 2021இல் அதை அப்படியே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை, ஆகவே அதை வைத்துப் பெரிதாகக் கோட்டை கட்ட வேண்டாம். ஆயாவின் முறத்தை நான் கண்ணால் பார்த்தேன், அதற்கு எனக்குச் சோதனைக்கூடம் தேவையில்லை.

கையின் நினைவு வேறு, வாயின் நினைவு வேறு என்பதற்கு மட்டும் உறுதியான சாட்சி இருக்கிறது. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சை செய்து, இரண்டு பக்க ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து புதிதாகப் பார்த்த முகம், சாப்பிட்ட சாப்பாடு எதுவும் நிற்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் நாள்தோறும் கொடுத்தபோது, இதை முன்பு செய்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டே நாளுக்கு நாள் நன்றாக வரைந்தார். என் அம்மாவிடம் களிக்கு எத்தனை தண்ணீர் எத்தனை மாவு என்று கேட்டுப் பாருங்கள், "பார்த்துப் போடணும்" என்பாள். துடுப்பைப் பிடித்துக் கிண்டும்போது மாவு பானையின் ஓரத்தை விட்டுத் திரண்டு வரும் அந்த நேரம் கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. பெரியவர்களிடம் பாட்டு எடுக்கப் போகிறவர்கள் வாயைக் கேட்காமல் கைக்கு வேலை கொடுங்கள். போனை மடியில் வைத்துவிடுங்கள், கண்ணில் படக் கூடாது. ஒரே பாட்டை மூன்று வேறு நாளில் எடுங்கள். மூன்றும் வேறுவேறாக இருக்கும், எது சரி என்று அவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஏன் என்றால், வாய்மொழிப் பாட்டு ஒவ்வொரு தடவையும் ஆயத்தச் சொற்றொடர்களைக் கோத்து அங்கேயே கட்டப்படுகிறது. 1930களில் மில்மன் பாரி என்ற கிரேக்க இலக்கியப் பேராசிரியர் யூகோஸ்லாவியாவுக்குப் போய், எழுத்தறியாத பாடகர்கள் ஆயிரக்கணக்கான வரி பாடுவதைப் பதிவு செய்து கண்டுபிடித்தது இது. அவர் செத்த பிறகு உதவியாளர் ஆல்பர்ட் லார்ட் 1960இல் அதைப் புத்தகமாக்கினார். அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம் சங்கப் பாட்டைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்து க. கைலாசபதி. 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட அவருடைய ஆங்கில நூல், புறப்பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் அடைமொழிகளும் தொடர்களும் பாணர் வாய்மொழியின் தடம் என்று வாதிட்டது. எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை, எழுத்தறிந்த புலவர்கள் பாணர் பாணியைப் பார்த்துச் செய்தது என்ற கட்சியும் வலுவானதுதான். மனப்பாடம் செய்கிறவனுக்கு இதில் நடைமுறை லாபம் ஒன்று உண்டு: ஒரு பாட்டை உருப்போடும்போது இன்னும் பத்துப் பாட்டின் உதிரிபாகமும் சேர்ந்தே கிடைக்கிறது. பத்தாவது பாட்டு முதல் பாட்டைவிடச் சீக்கிரம் வந்ததற்குக் காரணம் எனக்கு வயது குறைந்தது இல்லை.

பாட்டு வாயில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் ஊரே சாட்சி. தகடூர்ப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று ஒரு நூல் இருந்தது. முழு நூல் கிடைக்கவில்லை, புறத்திரட்டு என்ற தொகுப்பு நூலிலும் உரைகாரர்களின் மேற்கோளிலும் எடுத்தாண்ட பாட்டுகள் மட்டுமே தப்பியிருக்கின்றன.

மேடையில் மாட்டினால்

மாட்டிய சொல்லையே முட்டிக்கொண்டு நிற்காதீர்கள். முட்ட முட்டத் தப்பான சொல்தான் முன்னால் வந்து வழியை அடைக்கும். இரண்டு வரி பின்னால் போய் ஓட்டம் எடுத்து வாருங்கள். "இல்லாகியரோ" என்று மறுபடி தொடங்கினால் கேட்பவர்கள் உணர்ச்சியில் திரும்பச் சொல்கிறீர்கள் என்று நினைப்பார்கள், கைதட்டக்கூடச் செய்வார்கள். அப்படியும் வராவிட்டால் அடுத்த வரியின் முதல் எழுத்தை உங்களுக்கு நீங்களே கொடுங்கள். உள்ளங்கையில் பேனாவால் ந, சி, கோ, நா என்று நாலே எழுத்து எழுதிக்கொண்டு போவது தப்பே இல்லை. நான் இப்போது அப்படித்தான் போகிறேன், பார்க்க வேண்டி வந்ததில்லை என்றாலும்.

இந்தப் பாட்டு வந்துவிட்டால் அடுத்து என்ன என்று கேட்பார்கள். புறநானூற்றின் 235ஐ உடனே எடுக்காதீர்கள். அதுவும் ஔவையார், அதுவும் அதியமான் செத்த துக்கம், கேட்கக் கேட்கக் கண் கலங்கும். ஆனால் வரிக்கு வரி "மன்னே, மன்னே" என்று முடியும், அந்தச் சொல்லில் நாக்கு வழுக்கி இரண்டாவது மன்னேயிலிருந்து ஐந்தாவது மன்னேக்குத் தாவிவிடும், நடுவில் சோறெல்லாம் காணாமல் போய்விடும். ஒரே மாதிரி முடிகிற வரிகள் ஒன்றையொன்று அழிக்கும். அதற்கு முனையைப் பிடிக்காமல் தலையைப் பிடிக்க வேண்டும்: சிறிய கள், பெரிய கள், சிறு சோறு, பெருஞ்சோறு, என்பொடு, அம்பொடு. மூன்று ஜோடி. அதை நாட்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்துத் தொடங்குங்கள்.